மிக்ஸட் மீடியா செய்கிறவர்களுக்கு: அலமாரியில் இருந்து அடுத்தவர் கை வரை

மிக்ஸட் மீடியா, அதாவது பலவகைப் பொருட்களை ஒரே படைப்பில் சேர்க்கும் கலை, செய்கிறவர் வீட்டில் எல்லாம் இருக்கும், ஆனால் வேலையைத் தொடங்க உட்காரும்போது வேண்டியது மட்டும் கைக்குச் சிக்காது. அக்ரிலிக் டியூப், வாட்டர்கலர் கேக், பழைய கல்யாணப் பத்திரிகை, லேஸ் துண்டு, சணல், பஸ் டிக்கெட், உடைந்த கண்ணாடி வளையல், ரப்பர் ஸ்டாம்ப், புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்ட அரச இலை என்று சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் வண்ணம் மட்டும் தீட்டுகிறவருக்கு ஒரு பெட்டியும் நாலு தூரிகையும் போதும். நமக்குக் கண்ணில் படுவதெல்லாம் பொருள்தான், அதனால் அடுக்கி வைப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

அடுக்குவது என்றால் பார்க்க அழகாக வைப்பது இல்லை. அலமாரியில் இருக்கும் பொருள் மேசைக்கு வரும் வழி சுருக்கமாக இருக்க வேண்டும், செய்து முடித்த படைப்பு வீட்டை விட்டு வெளியே போகும் வழியும் அப்படியே. இந்த இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். சென்னை மாதிரி கடலோர ஊரில், தனி ஸ்டுடியோ எதுவும் இல்லாமல், ஒரு மேசை, பீரோவில் இரண்டு தட்டு, கொஞ்சம் பரண் இடம், இவ்வளவுதான் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் இறக்குங்கள்

விடுமுறை நாள் ஒன்றில் கூடத்தில் பழைய போர்வையை விரித்து, பீரோ, பரண், கட்டிலுக்கு அடியில், பழைய கைப்பைக்குள் என்று எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அத்தனையையும் அதில் கொட்டுங்கள். பாதி மட்டும் இறக்கினால் பயனில்லை. ஒரே வெள்ளை ஜெல் பேனா நாலு இடத்தில் கிடப்பது எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தால்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அக்ரிலிக் டியூபுக்குள் வண்ணம் ரப்பர் மாதிரி இறுகியிருந்தால் அது முடிந்தது, தண்ணீர் விட்டாலும் திரும்பாது. வாட்டர்கலர் அப்படியில்லை. டியூபுக்குள் கல்லாகிவிட்டாலும் டியூபைக் கத்தரித்து, உள்ளே இருப்பதை ஒரு சின்ன மூடியில் வைத்துக்கொண்டால் ஈரத் தூரிகை பட்டதும் கரைந்து வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு), ஜெல் மீடியம் (ஒட்டவும் உதவும் கெட்டியான அக்ரிலிக் கூழ்), பசை டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பாருங்கள், அழுகின வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே. அதைப் படைப்பில் பூசினால் வாடையும் பூஞ்சையும் படைப்போடு சேர்ந்தே போகும்.

நல்ல நிலையில் இருந்தும் நீங்கள் தொடாத பொருட்கள் நிறைய இருக்கும். இதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று உடனே ஒரு பதில் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஓவிய ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும்.

வேலை நடக்கும் வரிசையில் அடுக்குங்கள்

பேப்பரெல்லாம் ஒரு பக்கம், வண்ணமெல்லாம் ஒரு பக்கம், பேனாவெல்லாம் ஒரு பக்கம் என்று வகை பிரித்து வைக்கத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கடைக்கு அது சரி. வேலை செய்கிற இடத்துக்கு நான் வேறு முறையைச் சொல்வேன், அது தஞ்சாவூர் ஓவியத்திலேயே இருக்கிறது. பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்பும் பசையும் பூசித் தேய்த்து, கோடு வரைந்து, கண்ணாடிக் கல் பதித்து, மக்கு (சுண்ணாம்பும் பசையும் கலந்த கூழ்) வைத்துப் புடைப்பு எழுப்பி, தங்கத் தாள் ஒட்டி, அதற்கு அப்புறம்தான் வண்ணம். மரம், துணி, கல், தங்கம், வண்ணம் எல்லாம் சேர்ந்த அது மிக்ஸட் மீடியாதான், அந்தப் பெயரில் யாரும் சொல்லவில்லை என்பது வேறு. அதில் வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும். நம் வேலையும் அடுக்கடுக்காக ஏறுவதுதான், ஆகவே பொருட்களும் அந்த அடுக்கின் வரிசையிலேயே இருக்கட்டும்.

என் முறையில் ஆறு பெட்டி. முதல் பெட்டியில் அடித்தளத்துக்கு வேண்டியது: ஜெஸ்ஸோ, அகலத் தூரிகை, உப்புத்தாள், மாஸ்கிங் டேப். இரண்டாவதில் ஒட்டுவதற்கு: பசை, ஜெல் மீடியம், கத்தரி, கட்டர், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று (பசையை இழுத்துப் பரப்ப அதைவிட நல்ல கருவி கிடையாது). மூன்றாவதில் வண்ணம். நாலாவதில் ஸ்டென்சில், ஸ்டாம்ப், டெக்ஸ்சர் பேஸ்ட் (மேடுபள்ளம் எழுப்பும் கூழ்). ஐந்தாவதில் கோடும் எழுத்தும், அதாவது பேனா, மார்க்கர், மை. கடைசிப் பெட்டியில் மேலே பதிக்கிற மணி, பொத்தான், நூல், உலோகத் துண்டு, அவற்றோடு வார்னிஷ். ஒரு வேலையைத் தொடங்கும்போது முதல் இரண்டு பெட்டியை மட்டும் மேசைக்கு எடுத்தால் போதும், அடுத்த கட்டம் வந்ததும் அவற்றை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். சின்ன மேசை நிரம்பி வழிவது இதனாலேயே பாதி குறையும்.

பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்வீட் டப்பா, பிஸ்கட் டின், செருப்புப் பெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாமே போதும். மணியும் சமிக்கியும் வைக்க எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியைப் போல வசதி வேறு எதிலும் இல்லை, கிண்ணம் கிண்ணமாக எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி மூடி போட்டதாக இருந்தால் திறக்காமலே தெரியும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மூடியில் மட்டும் இல்லாமல், பெட்டியின் முன்பக்கத்திலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.

எது நிற்க வேண்டும், எது படுக்க வேண்டும்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பணம் வீணாவது இங்கேதான். இரண்டு பக்கமும் முனை உள்ள ஆல்கஹால் மார்க்கர்களைப் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தினால் மை ஒரு பக்கமே இறங்கி மறுமுனை காயும். நுண்முனைப் பேனாக்களும் படுத்தே இருக்கட்டும். ஜெல் பேனா முனை கீழே பார்த்து நிற்கலாம். ஸ்டாம்ப் இங்க் பேடைத் தலைகீழாக வைத்தால் மை மேல்பரப்புக்கு வரும். ஸ்ப்ரே பாட்டில் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். அக்ரிலிக் டப்பாவின் வாயையும் மரையையும் துடைத்துவிட்டு மூடுங்கள், விளிம்பில் காய்ந்த வண்ணம் மூடியை இறுக விடாது, உள்ளே காற்று போகும்.

தூரிகையைக் கழுவியதும் முடி மேலே பார்க்க டம்ளரில் நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஈரம் கீழே இறங்கி உலோக வளையத்துக்குள் போகிறது, அங்கே முடியைப் பிடித்திருக்கும் பசை தளர்ந்து, மரமும் ஊறி, தூரிகை ஆட ஆரம்பிக்கிறது. துண்டின் மேல் படுக்க வைத்துக் காயவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு நிறுத்துங்கள்.

காகிதம்

காகிதத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், காரணம் நம் ஊர்க் காற்று. வாட்டர்கலர் பேப்பரில் ஜெலட்டினோ மாவுப்பசையோ பூசியிருப்பார்கள், வண்ணம் உடனே உள்ளே உறிஞ்சப்படாமல் மேலே நிற்பது அதனால்தான். ஈரக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பூச்சு அங்கங்கே கெடும், பார்க்க வெள்ளையாகவே இருக்கும், வண்ணம் பட்டதும் புள்ளி புள்ளியாக இழுத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய தடிமனான 300 ஜிஎஸ்எம் பேப்பரை வெளியே விரித்து வைக்காதீர்கள். பெரிய ஜிப் கவரில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, தட்டையாகப் படுக்க வையுங்கள். நீல நிறச் சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் நிறமில்லாததையே வாங்குங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நின்றால், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் அடிக்கும், ஒரு கை அளவு இடம் விட்டு நகர்த்துங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசையும் காகிதமும் விருந்து. ஏட்டுச் சுவடிகளோடு வசம்பு வைக்கிற பழைய வழக்கத்தை நானும் பின்பற்றுகிறேன், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, காகிதங்களைப் புரட்டி, தூசி தட்டி வைப்பதுதான் பெரிய காவல். பூச்சிக்குத் தொந்தரவு இல்லாத இருட்டுதான் பிடிக்கும்.

ஒட்டுவதற்கான தாள்களில் செய்தித்தாளைப் பற்றி எச்சரிக்கை. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாகும், அமிலமும் சேரும், இன்றைக்கு ஒட்டிய தலைப்பு சில வருடங்களில் மங்கிப் பொடிய ஆரம்பிக்கும். அந்தப் பழுப்புதான் வேண்டும் என்றால் சரி. இல்லையென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். ஜெராக்ஸில் இருப்பது டோனர், ஈரம் பட்டால் கரையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் பலதும் பசை பட்டவுடன் ஒழுகும், ஒரு துண்டில் சோதிக்காமல் ஒட்ட வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்கள் ஜார்ஜ் டவுனில் ஆண்டர்சன் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பேர்போன தெரு, கேட்டால் மீந்த தாள், மாதிரி அட்டை எல்லாம் கிடைக்க வழி உண்டு. கையால் செய்த காகிதம் தேடுபவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகித ஆலை இருக்கிறது.

துண்டு துணுக்குகள்

நம் சேகரிப்பில் கட்டுக்கு அடங்காதது இதுதான். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் (1903–1972) நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வீட்டில் வாழ்ந்து, அதன் நிலவறையில், கண்ணாடி போட்ட மரப்பெட்டிகளுக்குள் சின்னப் பொருட்களை வைத்துப் படைப்புகள் செய்தார். அதற்காகச் சேர்த்த பொருட்களையும் படங்களையும் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பெயர் எழுதியே வைத்திருந்தார். அவரிடம் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, துணுக்குகளைப் பொருள்வகையால் இல்லாமல் கருவால் பிரிப்பது. “சிவப்பு”, “கடல்”, “பாட்டி வீடு”, “எழுத்துகள்”, “வட்டம்” என்று உறைகளுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். பாட்டி வீடு என்ற உறைக்குள் பழைய ரேஷன் பில், புடவைக் கரைத் துண்டு, ஒரு பொத்தான், ஒரு கடித உறை சேர்ந்து கிடந்தால், திறந்தவுடனே பாதிப் படைப்பு உருவாகிவிட்டது. டிக்கெட் தனியே, துணி தனியே என்று பிரித்திருந்தால் அவை ஒன்றையொன்று பார்த்திருக்கவே முடியாது.

ஒவ்வொரு உறைக்கும் ஓர் அளவு வையுங்கள். நிரம்பினால் புதிதாக உறை வாங்காதீர்கள், அதில் இருந்தே ஒரு படைப்பைத் தொடங்குங்கள்.

இதோடு ஒரு மாதிரிப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு வண்ணமும் மையும் ஒரு சின்னக் கட்டமாக, பக்கத்தில் பெயர், ஈரம் பட்டால் கரைகிறதா என்ற குறிப்பு. பாதிக் கட்டத்தைக் கருப்பு அட்டையால் மூடி மூன்று மாதம் வெயில் வரும் ஜன்னலில் வையுங்கள். ஃப்ளோரசென்ட் வண்ணங்களும் டை (சாயம்) கலந்த மைகளும் எவ்வளவு வெளுக்கின்றன என்பதை நீங்களே பார்க்கலாம். நாட்குறிப்பில் அவை இருக்கட்டும், விற்கும் படைப்பில் வேண்டாம்.

முடிப்பதும் பதிவதும்

மெல்லிய அக்ரிலிக் பூச்சு சில நாட்களில் உள்ளேயும் காயும், டெக்ஸ்சர் பேஸ்ட் தடிமனாகப் போட்ட இடம் வாரக்கணக்கில் எடுக்கும். அதற்கு முன்னால் வார்னிஷ் போட அவசரப்படாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும், வெயில் வந்த நாளாகப் பார்த்து மெல்லிய அடுக்காக அடியுங்கள்.

இன்னொன்று: காய்ந்த அக்ரிலிக் வெப்பத்தில் இளகும். ஆர்ட் ஜர்னல் (ஓவிய நாட்குறிப்பு) பக்கங்கள் மே மாதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதன் காரணம் அதுதான். பக்கங்களுக்கு நடுவே கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற சிலிகான் பூசிய தாளை வெட்டி வையுங்கள்.

பின்பக்கத்தில் பெயர், வருடம், பயன்படுத்திய பொருட்கள் மூன்றையும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது பழுது பார்க்க வேண்டி வந்தால் அந்த ஒரு வரி பேருதவி.

படம் எடுக்க, காலை வெளிச்சம் நன்றாக வரும் ஆனால் நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில் படைப்பை வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மகோல் அட்டை ஒன்றை நிறுத்துங்கள், நிழல் மெலியும். ஃபிளாஷ் வேண்டாம், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். போனில் கட்டக் கோடுகளைப் போட்டு, படைப்பின் விளிம்பு அதற்கு இணையாக வரும்படி எடுங்கள். முழுப் படம் ஒன்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழ ஒன்று. நம் வேலையின் உயிர் மேடுபள்ளத்தில் இருக்கிறது, நேரே எடுத்த படத்தில் அது தெரியாது.

வெளியே அனுப்புங்கள்

பகிர்வதற்குப் பெரிய படைப்பு வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1997-ல் சூரிச்சில் வான்சி ஸ்டிர்னமான் என்ற கலைஞர் ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு என்ற பழக்கத்தைத் தொடங்கினார். அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், விற்கக் கூடாது, கலைஞர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விதி. ஓர் ஏ4 தாளில் 9 அட்டை வரும். ஒரு தாள் முழுக்கப் பின்னணி செய்து, வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக முடித்தால், ஒரு வார இறுதியில் 9 பேருக்குக் கொடுக்க உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கும். தோழிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒரு கரு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பசையை எப்படிக் கையாள்கிறார், எந்த நிறத்தை எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கையில் வைத்துப் பார்ப்பதில் கிடைக்கிற பாடம் திரையில் கிடைக்காது.

விற்பதில் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, அந்த ஓவியர்கள் பாட்டிக் (மெழுகு வைத்துத் துணியில் சாயம் ஏற்றுவது) மாதிரிக் கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்துக்கு வழி செய்துகொண்டார்கள். புக்மார்க், வாழ்த்து அட்டை, சின்ன நோட்டுப் புத்தகம் விற்பது உங்கள் கலையைச் சிறுமைப்படுத்தாது, அடுத்த பெரிய வேலைக்கு அதுதான் காசு.

விலை வைக்கும்போது பொருள் செலவு, நேரம், பேக்கிங் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். பொருள் 200 ரூபாய், 5 மணி நேரம் மணிக்கு 150 வீதம் 750, பேக்கிங் 60 என்றால் 1,010. கடையில் வைத்து விற்றால் அவர்கள் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு அதையும் சேருங்கள். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கலாம், பாதி விலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள், அப்புறம் அந்தப் பாதிதான் உங்கள் விலையாக ஊருக்குப் போகும்.

ஒட்டும் படங்களின் உரிமையையும் கவனியுங்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்துக்கும், 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும், படைத்தவர் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் உரிமை உண்டு. விற்கிற வேலையில் பத்திரிகைப் புகைப்படங்களைத் தவிர்த்து, உங்கள் சொந்தப் படங்களையோ, நியூயார்க் மெட் மியூசியம் 2017-ல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட லட்சக்கணக்கான படங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், யாராவது காசு கொடுத்துத் தங்களுக்கென்று ஓவியமோ உருவப்படமோ செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அதன் பதிப்புரிமை கேட்டவருக்கே போகும். உரிமை உங்களிடம் இருக்க வேண்டும் என்றால் தொடங்கும் முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

பார்சல்

பபுள் ராப்பை நேராகப் படைப்பின் மேல் சுற்றாதீர்கள், வெயிலில் வண்டிக்குள் கிடக்கும்போது குமிழின் தடம் அக்ரிலிக்கில் பதியும். முதலில் கிளாசைன் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அல்லது முன்பு சொன்ன கேக் சுடும் தாள், அப்புறம் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் பபுள் ராப். மேலும் கீழும் இரண்டு நெளி அட்டை, ஒன்றின் கோடு நீளவாக்கில், மற்றதன் கோடு குறுக்குவாக்கில் இருக்கட்டும், அப்போது எந்தப் பக்கமும் மடங்காது. அட்டை படைப்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும், அடி படுவது மூலையில்தான். துணியில் செய்ததைச் சுருட்டி அனுப்பினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, அகலமான பிவிசி குழாயில் போடுங்கள். மேலே பதித்த பொருள் இருந்தால் சுருட்டவே வேண்டாம்.

உள்ளே ஒரு சின்னத் தாளில் பராமரிப்பு எழுதி வையுங்கள்: நேர் வெயில் படாத சுவர், ஓதம் இல்லாத சுவர், ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. அனுப்பும் முன், முகவரி எழுதிய பார்சலையும் படைப்பையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நோட்டில் ஒரு வரி போடுங்கள்: தலைப்பு, அளவு, தேதி, யாருக்குப் போனது, விலை அல்லது பரிசு. கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும்போது, பழைய படைப்பைத் திரும்ப வாங்கிக் காட்ட வேண்டி வரும்போது, அந்த நோட்டைத்தான் தேடுவீர்கள், அதனால் அதை முதல் பெட்டியிலேயே ஜெஸ்ஸோவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.